ஒரு கிலோ பழமிளகாய் வாங்குங்கள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

சங்கராந்தி கழிந்ததிலிருந்து உகாதி வரைக்கும் உங்கள் ஊர்ச் சந்தைகளில் செக்கச்செவேலென்று பழுத்த மிளகாய், வற்றலாகக் காயாமல், பழமாகவே வந்து குவியும். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் அதைக் கொண்டு பண்டு மிரபகாய பச்சடி போடுவார்கள். உங்கள் வீடுகளில் பழமிளகாய்த் தொக்கு என்ற பெயரில் அதே பண்டம் ஜாடியில் இருந்தது. களிக்கும் தயிர் சோற்றுக்கும் அதுவே தொட்டுக்கை. இன்று அந்த ஜாடிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவை இருந்த இடத்தில் சிவப்பு மூடி போட்ட சாஸ் புட்டிகள் நிற்கின்றன. இது காலமாற்றம், விட்டுவிடலாம் என்று நீங்கள் நினைக்கலாம். விடக்கூடாது என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். பழமையானது என்பதற்காகக் கேட்கவில்லை. மிளகாயே போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்த பயிர்தான். நான் சொல்லும் காரணம் வேறு. மிளகாய்ச் சாஸின் தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது பழம் செடியை விட்டுப் பிரிந்த பிறகு வரும் ஓரிரு நாட்கள். அந்த நாட்கள் வேறு எவரையும்விட உங்கள் கைக்கு அருகில் இருக்கின்றன.

இதை நான் சொல்வதைவிட உலகத்தின் பெயர்பெற்ற சாஸ் ஆலைகள் தெளிவாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868-இல் தொடங்கிய டபாஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பறிப்பவர்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிய சிறு குச்சி ஒன்றைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். குச்சியின் நிறத்துக்குப் பழம் வந்திருந்தால்தான் பறிக்கலாம். பறித்த மிளகாயை அன்றே அரைத்து உப்பிட வேண்டும். அப்படி உப்பிட்ட விழுதுதான் மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டுகள் வரை கிடந்து பக்குவப்படுகிறது. மூன்று ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள், பறித்த பிறகு ஒரு நாள்கூடக் காத்திருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கலிபோர்னியாவில் டேவிட் டிரான் 1980-இல் தொடங்கிய ஹுய் ஃபாங் நிறுவனத்தின் ஸ்ரீராச்சா சாஸும் காயவைக்காத சிவந்த மிளகாயையே நம்பிய சரக்கு. தனக்கு நெடுங்காலம் மிளகாய் தந்த பண்ணையோடு அந்த நிறுவனம் 2016 வாக்கில் முறித்துக்கொண்டது. 2022-இல் வறட்சியால் மிளகாய் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. 2024-இல் வந்த மிளகாய் போதிய அளவு சிவக்கவில்லை என்பதால் மறுபடியும் நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய ஆலையால்கூடச் சிவந்த பழத்துக்கு மாற்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி உங்கள் நிலையைப் பாருங்கள். பலமனேர், புங்கனூர், குப்பம் பக்கத்துத் தோட்டங்களில் மிளகாய் விளைகிறது. விடியலில் பறித்த பழம் அன்று மாலைக்குள் உங்கள் அடுப்படிக்கு வந்துவிடும். இந்த வசதியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன வாங்குகிறீர்கள்? புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள். சேர்ந்துள்ள பொருட்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. மலிவான சாஸ் புட்டிகள் பலவற்றில் அந்த வரிசையின் தொடக்கத்தில் தண்ணீரும் சர்க்கரையும் நிற்கும். மிளகாய் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். அதற்கும் பின்னால் குழகுழப்புக்கு மாவுப்பொருள், புளிப்புக்கு அசிட்டிக் அமிலம், கெடாமலிருக்க சோடியம் பென்சோயேட், பார்வைக்குச் செயற்கை நிறம். மலிவாக விற்கும் தொலைதூர ஆலைக்கு வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே சுவை, ஒரே விலை வேண்டுமென்றால் பழத்தை நம்பியிருக்க முடியாது. ஆனால் அந்த நெருக்கடி ஆலைக்குரியது. பழம் வாசலில் வந்து நிற்கும்போது அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

புட்டியில் நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அனுமதித்த அளவுக்குள் இருக்கும் பதனப்பொருளைக் கண்டு பயமுறுத்துவது நேர்மையாகாது. என் கவலை நிறத்தைப் பற்றியது. பொடியும் சாஸுமாக மாறிய பிறகு மிளகாயின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் உணவுக்கு ஆகாத சூடான் என்ற சாயம் இருந்ததை 2003-இல் ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்தன. 2005-இல் பிரிட்டனில், அப்படிச் சாயம் கலந்த பொடி ஒரு சாஸுக்குள் போய், அந்தச் சாஸ் சேர்ந்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உங்களுக்கு மிக அருகில், குப்பத்தைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்க 2024 மார்ச்சில் தடை வந்தது. காரம் என்றாலே கண்ணைப் பறிக்கும் சிவப்பு என்று பிள்ளைகளின் கண்ணைப் பழக்கிவிட்டோம். பழமிளகாய்த் தொக்கின் நிறம் அப்படி மின்னாது. சற்றே மங்கி, செங்கல் நிறத்தில், எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். முழுப் பழத்தைக் கையில் எடுத்து, காம்பு கிள்ளி, நீங்களே அரைத்த விழுதுக்கு நிறச் சான்றிதழ் தேவையில்லை.

உழவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. மிளகாய் விவசாயிக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். பச்சையாகவே பறித்துக் காய்கறிச் சந்தைக்கு அனுப்பலாம். இல்லையென்றால் பழுக்கவிட்டுக் களத்தில் காயப்போட்டு வற்றலாக்கலாம். நூறு கிலோ பழம் காய்ந்தால் 25 முதல் 35 கிலோ வற்றல்தான் தேறும். காயும் நாட்களில் ஒரு மழை விழுந்தால் சரக்கு வெளுத்துப் பூசணம் பிடிக்கும். பிழைத்த வற்றலுக்குப் பெரிய சந்தை குண்டூர். அது திருப்பதியிலிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கும் விலை நிலையில்லை. 2025 தொடக்கத்தில் குண்டூர்ச் சந்தையில் விலை சரிந்தபோது, மத்திய அரசு தலையிட்டுக் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று விலை அறிவிக்க வேண்டிவந்தது. பழமாகவே உள்ளூரில் வாங்க ஆளிருந்தால் மூன்றாவது வழி ஒன்று திறக்கிறது. உலர்த்தும் கூலி இல்லை, மழைக்குப் பயமில்லை, எடையும் குறையாது. பச்சை மிளகாய் விலை விழுந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டுப்படியாகாத நாட்களில் காயைச் செடியிலேயே விட்டுவிடும் உழவருக்கு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அது பழமாக விலைபோகும் என்றால் அது சிறிய ஆறுதல் இல்லை. ஒரு குடும்பம் வாங்கும் ஒரு கிலோ எந்தச் சந்தையையும் நிமிர்த்திவிடாது. ஒரு தெருவே கேட்டால் வியாபாரி பழத்தைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவரத் தொடங்குவார்.

செய்முறையை உங்களுக்கு நான் கற்றுத்தரத் தேவையில்லைதான். ஆனால் வழக்கம் விட்டுப்போன வீடுகளில் அளவு மட்டும் நினைவிருக்கிறது, காரணம் மறந்துபோயிருக்கிறது. காரணம் மறந்த இடத்தில்தான் தொக்கு கெடுகிறது. சதைப்பற்றுள்ள, தோல் சுருங்காத பழமாகப் பார்த்து எடுங்கள். காம்போடு கழுவுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த ஓட்டை வழியாக உள்ளே தண்ணீர் போய் விதைப் பக்கம் தங்கிவிடும், துடைத்தும் வராது. கழுவியதைத் துணியில் துடைத்து, நிழலில் ஓர் இரவு பரப்பி, ஈரம் துளியும் இல்லை என்று உறுதியான பிறகே காம்பைக் கிள்ளுங்கள். ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ புளி, இருநூறு முதல் இருநூற்றைம்பது கிராம் கல் உப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள். புளியில் கொட்டையும் நாரும் இருக்கக் கூடாது. தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது. உரலில் இடித்தாலும் சரி, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினாலும் சரி, மிளகாயையும் உப்பையும் ஒன்றிரண்டாக நசுக்கி, ஜாடியின் நடுவில் புளியை வைத்து மூடி, துணியால் வேடு கட்டி வையுங்கள். மிளகாய் விடும் சாற்றிலேயே புளி ஊறிவிடும். மூன்றாம் நாள் எடுத்து, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பூண்டும் சேர்த்து அரைத்தால் தொக்கு தயார். மொத்தத்தையும் தாளிக்க வேண்டாம். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் நூடுல்ஸுக்கும் பிரைடு ரைஸுக்கும் ஊற்றிக்கொள்ளும் பதத்தில்தான் கேட்கிறார்களா? தாளிக்காத தொக்கில் ஒரு கிண்ணம் எடுத்து, அரைக் கிண்ணம் வினிகர், அரைக் கிண்ணம் தண்ணீர், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து மைய அரைத்து வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் அதுவும் சாஸ்தான். பிரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் நாக்கு மாறிவிட்டது என்ற குறைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு உப்பா என்ற கேள்வி நியாயமானது, அதனால் அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். இரத்த அழுத்தக்காரர் இல்லாத வீடு குறைவு. ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன அளவில் போட்ட தொக்கை இரண்டு தேக்கரண்டி, ஏறக்குறைய பத்து கிராம், சாப்பிட்டால் ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போகும். அது குறைவில்லை. அதனால் சிலர் ஜாடியில் உப்பைப் பாதியாக்குகிறார்கள், புளிப்பு ஆகாது என்று புளியையும் குறைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உப்பும் புளியும் அங்கே சுவைக்காக மட்டும் இல்லை, நோய்க் கிருமிக்கு எதிரான காவலும் அவைதான். மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டிவரக்கூடிய பொட்டுலினம் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில், புளிப்பும் உப்பும் போதாத இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும். கனடாவின் வான்கூவரில் 1985-இல் எண்ணெயில் போட்டுவைத்த நறுக்கிய பூண்டினால் பலர் நோயுற்றது இப்படித்தான். புளிப்பு பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. புளி செய்யும் வேலை அது. உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் ஜாடியில் குறைக்காமல் இலையில் குறையுங்கள். கால் தேக்கரண்டி தொட்டுக்கொண்டு, அன்றைக்குச் சோற்றிலும் குழம்பிலும் உப்பைத் தள்ளிவையுங்கள். குறைந்த உப்பில்தான் போட்டாக வேண்டும் என்றால் சிறிய அளவில் போட்டு, முதல் நாளிலிருந்தே பிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். எவ்வளவு கவனமாகப் போட்டாலும், மேலே பஞ்சு போலப் பச்சையோ கறுப்போ பூத்துவிட்டால் மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு அடியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

காரம் குடலைப் புண்ணாக்கும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் அந்தப் பழிக்கு உரியதில்லை. ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைக் கூட்டும், அவர்கள் விலகியிருப்பதே நல்லது. மற்றவர்களுக்குக் காரம் கூடிவிட்டால் தயிரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எரிவைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலிலுள்ள புரதம்தான் அதைப் பிடித்துக் கழுவும். இதே காரணத்தால் அரைத்த கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. எண்ணெய் தடவிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்குமுன் கண்ணில் கை வைக்காதீர்கள்.

பூச்சிமருந்தைப் பற்றிய எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் கடினமானது. மிளகாய் மருந்து அதிகம் வாங்கும் பயிர். 2021-22-இல் புதுவகை இலைப்பேன் ஆந்திரத் தோட்டங்களில் பரவியபோது உழவர்கள் எவ்வளவு அடித்தும் செடி கருகியதை நீங்கள் அறிவீர்கள். பழத்தை வீட்டில் அரைப்பதால் மருந்து மறைந்துவிடாது. நன்றாகக் கழுவினால் மேலே படிந்ததில் ஒரு பகுதி போகும், உள்ளே ஏறியது போகாது. ஆனால் இந்தக் குறை வற்றலுக்கும் பொடிக்கும் அவற்றில் செய்த சாஸுக்கும் பொதுவானது. எல்லாம் அதே தோட்டத்திலிருந்து வருபவைதான். வேறுபாடு ஒன்றுதான். புட்டியிடம் கேள்வி கேட்க முடியாது. ரைத்து பஜார் எனும் உழவர் சந்தையில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்கலாம். 2016 முதல் ஆந்திர அரசு நடத்திவரும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில் சேர்ந்த உழவர்கள் உங்கள் மண்டலத்தில் இருந்தால் அவர்களைத் தேடிப் போகலாம். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, மருந்தடித்து இடைவெளி முடிந்த பிறகு பறித்த பழமாகக் கேட்டு வாங்கலாம். இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கக் கேட்கத்தான் மருந்தின் கை இறங்கும்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்ற பேச்சுக்குள் இன்னொரு உண்மை ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த வேண்டுகோளை வைப்பது நியாயமாகாது. ஊறுகாய் போடும் வேலை பெண்கள் தலையிலேயே விழுந்தது. முதுகு ஒடிய இடித்தவர்களும், கை எரிய இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களும் அவர்களே. ஜாடி பரணேறியதில் பெண்கள் பெற்ற ஓய்வும் அடங்கியிருக்கிறது. அந்த ஓய்வைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆகவே இந்த வரிகளை ஆண்களைப் பார்த்து எழுதுகிறேன். சந்தைக்குப் போய்ப் பழம் பொறுக்குங்கள். கழுவித் துடைத்துப் பரப்புங்கள். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்து காம்பு கிள்ளுங்கள், மிக்ஸியை ஓட்டுங்கள், மூன்றாம் நாள் அரைவையையும் நீங்களே பாருங்கள். ஒரு கிலோவுக்கு இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஆகாது. பத்துக் கிலோ போட்டு ஊரெல்லாம் கொடுத்த காலத்தின் அளவை வைத்துக்கொண்டு மலைக்க வேண்டாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ தாராளம்.

நான் கேட்பது இதுதான். வரும் தை மாசியில், பழம் வரத்து இருக்கும்போதே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிலோ பழமிளகாய்த் தொக்கு போடுங்கள். சித்தூர், திருப்பதி ரைத்து பஜார்களில் பழம் கண்ணில் படவில்லையென்றால் கேட்டு வையுங்கள், அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் டுவாக்ரா மகளிர் சங்கங்களில் இருக்கும் அக்கா தங்கைகளே, வீட்டில் போட முடியாதவர்களுக்கு நீங்கள் போட்டுத்தாருங்கள். அளவு, போட்ட தேதி, உப்பின் விகிதம் மூன்றையும் ஜாடி மேல் எழுதுங்கள், உணவுப் பாதுகாப்புப் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பதி வேளாண் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளே, ஒவ்வொரு வீட்டுத் தொக்கின் புளிப்பையும் சோதித்துச் சொல்லும் ஒரு நாளைப் பருவத்தில் ஏற்பாடு செய்யுங்கள், பி.எச். மீட்டர் ஒன்று போதும். அளவு தெரிந்த பாட்டிமார் இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கைப்பிடி என்று சொல்வதைத் தராசில் வைத்து எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள்.